மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன்

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன வருடம் தருமபுரியில் இருக்கும் என் கடைக்கு வந்தார். 2005-ல் வாங்கிய சின்ன கார். பெயின்ட் மங்காமல், சீட் உறை கிழியாமல் அருமையாக வைத்திருந்தார். ஆனால் முகத்தில் சலிப்பு. "தம்பி, ஒன்றரை வருஷத்துல ரெண்டு பேட்டரி போட்டாச்சு. இதுவும் போச்சு, மூணாவது வாங்குங்கன்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வாங்கிடறேன்" என்றார்.

பானெட்டைத் திறப்பதற்கு முன் நான் ஒன்றுதான் கேட்டேன். "வண்டிய தினமும் எடுக்கறீங்களா சார்?"

"பள்ளிக்கூடம் போன வரைக்கும் தினமும் எடுத்தேன். இப்ப வாரத்துல ரெண்டு நாள் எடுத்தா அதிகம்."

தினமும் ஓடிய வரை வராத தொல்லை, வண்டி நிற்க ஆரம்பித்த பிறகு வந்திருக்கிறது. அப்படியென்றால் நிற்கும் நேரத்தில் கரண்ட் எங்கோ கசிகிறது. ஓடிய நாட்களில் டைனமோ அதை ஈடுகட்டிக்கொண்டே இருந்ததால் வெளியே தெரியவில்லை. (ஆல்டர்நேட்டர் என்பதுதான் சரியான பெயர். நம் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, நானும் டைனமோ என்றே எழுதுகிறேன்.) கசிவைத் தேடாமல் பேட்டரியை மட்டும் மாற்றுவது, அடியில் விரிசல் விட்ட தொட்டிக்குத் திரும்பத் திரும்பத் தண்ணீர் லாரி சொல்வது மாதிரி.

சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் எந்தக் காரும் முழுதாக அணைவதில்லை. கடிகாரம், ரேடியோவின் நினைவு, சென்ட்ரல் லாக் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். பழைய வண்டியில் இது 20, 30 மில்லி ஆம்பியர் இருக்கலாம் (ஆயிரம் மில்லி சேர்ந்தால் ஒரு ஆம்பியர்). 50 வரைக்கும் நான் கவலைப்பட மாட்டேன். சின்ன கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் ஏறத்தாழ 35 மணி நேரம் வரும். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். இரண்டு வாரம் நின்றாலும் வண்டி கிளம்பிவிடும். அதுவே அரை ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 12. இரண்டாம் நாள் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், மூன்றாம் நாள் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். டிக்கிக்குள் அணையாமல் எரியும் ஒரு 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் எடுக்கும். அவ்வளவு சின்ன விஷயம் போதும்.

குற்றம் பேட்டரியிலா வண்டியிலா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இதற்கு எந்த மெக்கானிக்கும் வேண்டாம், சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். பேட்டரிக்கு முழுதாக சார்ஜ் ஏற்றுங்கள். நெகடிவ் கேபிளை, அதாவது எர்த்தை, கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். சில மணி நேரம் கழித்து வோல்ட் பாருங்கள். நல்ல பேட்டரி 12.6 பக்கம் காட்டும். இரண்டு நாள் அப்படியே விட்டு மறுபடி பாருங்கள். அதே அளவில் நின்றால் பேட்டரி மேல் பழி போட வேண்டாம், வண்டிதான் குடிக்கிறது. எதிலும் இணைக்காத பேட்டரியே 12.2-க்கு இறங்கிவிட்டால், அது பாதி காலியாகிவிட்டது என்று பொருள். அப்போது மாற்றுங்கள். இந்த இரண்டு நாள் பொறுமை இல்லாமல்தான் பலர் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள்.

வண்டிதான் என்று தெரிந்துவிட்டால் அடுத்தது ஆம்பியர் பார்ப்பது. இதில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருக வேண்டும். பேட்டரி நெகடிவுக்கும் கழற்றிய எர்த் கேபிளுக்கும் நடுவில் மீட்டரை வைக்க வேண்டும், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே வைக்கவே கூடாது. மீட்டர் இருக்கும்போது சாவி போட்டு செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்; செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். ஃபியூஸ் பெட்டியைத் தொட முன்கதவு திறந்திருக்க வேண்டுமென்றால் கதவு சுவிட்சை டேப் ஒட்டி அமுக்கி வையுங்கள். அப்புறம் காத்திருங்கள். பழைய வண்டிக்குப் பத்து நிமிடம் போதும். கம்ப்யூட்டர் நிறைய உள்ள வண்டிகள் உறங்க அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதற்குள் மீட்டரைப் பார்த்து "ரெண்டு ஆம்பியர் போகுது" என்று பயப்படக் கூடாது.

எண் அடங்கிய பிறகும் 50-க்கு மேல் நின்றால், ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது எண் சட்டென்று விழுகிறதோ அந்த லைனில் ஆள் ஒளிந்திருக்கிறான்.

ஆசிரியரின் வண்டியில் 620 மில்லி ஆம்பியர் காட்டியது. டேஷ்போர்டுக்குக் கீழே இருந்த ஃபியூஸ்களை எல்லாம் கழற்றினேன். பானெட்டுக்குள் இருந்த பெட்டியையும் காலி செய்தேன். எண் 600-க்குக் கீழே வரவே இல்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அவர், "எல்லாத்தையும் கழட்டிட்டீங்க, இன்னும் யாருக்கு தம்பி போவுது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்த ஃபியூஸ்கள் எதிலும் சேராமல் பேட்டரியிலிருந்து நேராகப் போகும் தடித்த வயர்கள் இரண்டு உண்டு. ஒன்று செல்ஃப் மோட்டாருக்கு, இன்னொன்று டைனமோவுக்கு. வண்டி அணைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, இன்ஜின் ஆறிவிட்டது. டைனமோவின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரியைத் தனியாக்கிவிட்டு, டைனமோவுக்கு வரும் அந்தத் தடித்த வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, ஃபியூஸ்களைத் திரும்பச் செருகி, மறுபடி மீட்டரை வைத்தேன். 20 மில்லி ஆம்பியர்.

டைனமோவுக்குள் டையோடு தட்டு ஒன்று இருக்கிறது. டைனமோவில் உண்டாகும் ஏ.சி. கரண்டை டி.சி.யாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புவது அதன் வேலை. வீட்டு வாசலில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி, டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் போகலாம், திரும்பி வரக் கூடாது. வருடக்கணக்கான சூட்டில் அந்த டையோடுகள் பழுதானால், வண்டி நிற்கும்போது பேட்டரியின் கரண்ட் டைனமோ வழியாகவே வெளியேறும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போது வோல்ட் பார்த்தால் 13.8 முதல் 14.5 வரை சரியாகவே காட்டலாம். "சார்ஜ் ஏறுது, டைனமோ நல்லா இருக்கு" என்று முன்பு பார்த்தவர்கள் சொன்னது பொய் இல்லை. அவர்கள் பார்த்த சோதனையில் இது தெரியாது. அதே நேரத்தில் மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்குத் திருப்பிப் பேட்டரியில் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டையோடைச் சந்தேகப்படலாம். தட்டை மட்டும் மாற்றினோம். புது பேட்டரி விலையில் பாதிகூட ஆகவில்லை.

எல்லா வண்டியும் இவ்வளவு கண்ணாமூச்சி ஆடாது. என் கடைக்கு வரும் பழைய கார்களில் நான் முதலில் கை வைப்பது பிறகு போட்ட பாட்டு செட்டில்தான். அதில் மஞ்சள் வயர் நினைவுக்கு, எப்போதும் கரண்ட் இருக்கும். சிவப்பு வயர் சாவியோடு வந்து சாவியோடு போக வேண்டும். சாவி இல்லாமலே பாட்டு கேட்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து முறுக்கி விட்டுவிடுகிறார்கள். திரை அணைந்திருக்கும், உள்ளே செட் விழித்திருக்கும். டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் கேட்கவே வேண்டாம். சிகரெட் லைட்டர் துளையில் செருகியபடி இருக்கும் சார்ஜர், கண்ணாடியில் ஒட்டிய கேமரா, ஜி.பி.எஸ். கருவி எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அடுத்தது பிரேக் பெடல். பெடலின் தண்டில் ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். பெடல் மேலே நிற்கும்போது அதுதான் பிரேக் லைட் சுவிட்சை அமுக்கி வைக்கிறது. பதினைந்து வருடத்தில் அது காய்ந்து உடைந்து விழுந்துவிடும். காலடி மேட்டில் துணுக்குகள் கிடந்தால் வெறும் குப்பை என்று தட்டிவிடாதீர்கள். 21 வாட் பல்பு இரண்டு எரிந்தால் மூன்றரை ஆம்பியர். ஒரே இரவில் பேட்டரி காலி. இதைப் பார்க்க மீட்டரே வேண்டாம், ராத்திரி ஒருமுறை வண்டிக்குப் பின்னால் போய் நின்றால் போதும். டிக்கி விளக்கும் டேஷ்போர்டு பெட்டி விளக்கும் மூடிய பிறகு அணைகிறதா என்று தெரிய, செல்போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள்.

மாந்தோப்புக்குள்ளும் களத்துமேட்டிலும் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எலி ஒரு பெரிய எதிரி. கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம் பக்கத்திலிருந்து வரும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். கடித்த வயர் பாடியில் லேசாக உரசினால் ஃபியூஸ் போகாமலே கசிவு நடக்கும்.

பேட்டரியின் மேல்பக்கம் அழுக்கும் ஆசிட் ஈரமும் சேர்ந்து பிசுபிசுப்பாக இருந்தால், அந்தப் படலமே கரண்டைக் கடத்தும். மீட்டரின் ஒரு முனையை நெகடிவில் வைத்து, மறுமுனையைப் பேட்டரியின் பிளாஸ்டிக் மேல் நகர்த்திப் பாருங்கள், வோல்ட் காட்டும். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து, மூடித் துளைகளுக்குள் இறங்காமல் கழுவித் துடைத்தால் தீர்ந்தது. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள். நம் மாவட்டத்து போர் தண்ணீரின் உப்பும் ஃப்ளோரைடும் நமக்குத் தெரிந்ததே. அதற்காகத்தான் ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார்கள். அந்தத் தண்ணீர் குடிக்க நல்லது. ஆனால் அதிலும் தாதுக்கள் உண்டு, பேட்டரிக்கு ஆகாது.

ஒரு பழக்கத்தை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். டைனமோ நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். அந்தக் காலத்து கார்பரேட்டர் வண்டிகளில் தப்பித்துக்கொண்டார்கள். இன்றைய வண்டியில் பேட்டரி என்ற தாங்கி விலகிய நொடியில் வோல்ட் எகிறி, இன்ஜின் கம்ப்யூட்டரையே எரித்துவிடக்கூடும். அதே மாதிரி, கசிவு இருக்கிறதா என்று கேபிளைத் தட்டித் தட்டி நெருப்புப்பொறி பார்ப்பதும் ஆபத்து. சார்ஜ் ஏறிய பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும், ஒரு பொறி போதும் அது வெடிக்க. கண்ணில் ஆசிட் பட்ட ஒரு பையனை நான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டுக் கிளப்பும்போதும், கடைசி நெகடிவ் கவ்வியைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், சற்றுத் தள்ளி இன்ஜினின் இரும்பில் மாட்டுங்கள்.

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் காரை நிறுத்திவைத்து மாதம் ஒருமுறை வருகிறவர்களுக்கு: கிளம்பும் முன் எர்த்தைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில். ரேடியோவுக்கு ரகசிய எண் இருந்தால் கழற்றுவதற்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் மூன்றாவது பேட்டரியை வாங்கத்தான் வேண்டியிருந்தது. கார் பேட்டரி அடிக்கடி முழுதாகக் காலியாவதைத் தாங்காது, உள்தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அவருடைய இரண்டாவது பேட்டரிக்கு நாள் முழுக்க சார்ஜ் போட்டுப் பார்த்தோம். மறுநாள் காலையில் 12-க்குக் கீழே வந்து நின்றது. "இத முதல்லயே யாராவது சொல்லியிருந்தா ஒண்ணு மிச்சம்" என்றார். புதியதை மாட்டி, மீட்டரில் 20 என்று காட்டுவதை அவரையே பார்க்கச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.