கிரவுட்டை வெயிலில் வைக்காதீர்கள்

மாதக்கணக்கில் வெட்டி ஒட்டிய ஒரு மொசைக்கை இந்த வாரம் ஒருவர் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். நீலக் கண்ணாடித் துண்டுகளில் ஒரு மீன். செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைத்து வெட்டியது. இடுக்கில் நகத்தால் லேசாகக் கீறினேன், துண்டுகளுக்கு நடுவே நிரப்பும் சிமென்ட் கலவையான கிரவுட் மாவாக உதிர்ந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டால் வழக்கமான பதில்தான்: "கெட்டியா இருந்துச்சு, கொஞ்சம் தண்ணி சேர்த்தேன். சீக்கிரம் காயட்டும்னு வெயில்ல வெச்சேன்." இதை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது? அவ்வளவு உழைப்பும் கடைசி ஒரு நாளில் வீணாகிறதே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

சிமென்ட் கிரவுட் காய்ந்து இறுகுவதில்லை. தயவுசெய்து இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சிமென்ட்டும் தண்ணீரும் வேதிவினை புரிந்துதான் அது கல்லாகிறது. தண்ணீருக்கு அடியில்கூட சிமென்ட் இறுகும். புதுக் கான்கிரீட்டின் மேல் நாள்கணக்கில் தண்ணீர் விடுவதும் இதற்காகத்தான். வெயில், மின்விசிறி, ஹேர் டிரையர் எல்லாம் அந்த வினைக்கு வேண்டிய ஈரத்தைப் பாதியிலேயே பறித்துவிடும். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பலம் இருக்காது.

"கூடுதலாக ஊற்றிய தண்ணீர்தானே போகிறது?" என்று உடனே கேட்பார்கள். போகும். ஆனால் போன இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நிற்கும். கிரவுட் சுருங்கும், விரிசல் விடும், நிறம் திட்டுத்திட்டாக வெளிறும். அதிகமாக ஊற்றியதும் தப்பு, இருப்பதை விரட்டியதும் தப்பு. ஒரு தப்பு இன்னொன்றைச் சரிசெய்யாது.

பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்குங்கள். 5 முதல் 10 நிமிடம் சும்மா விடுங்கள். மறுபடி கிளறினாலே இளகிவிடும், புதிதாகத் தண்ணீர் வேண்டாம். கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடி, நிழலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள்.

இடுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் மணல் கலந்த கிரவுட், அதற்குக் குறைவென்றால் மணல் இல்லாதது. மென்மையான கண்ணாடியில் மணல் கீறல் போடும்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம்தான். கிரவுட்டை எல்லாத் திசையிலும் அழுத்தித் தேய்க்கும்போது படமே சேற்றுக்குள் மறைந்துவிடும். புதிதாகச் செய்பவர்கள் இங்கேதான் பதறி, உடனே துடைக்கத் தொடங்குகிறார்கள். பொறுங்கள். அவசரப்பட்டால் இடுக்கில் இருப்பதும் ஸ்பாஞ்சோடு வந்துவிடும். கால்மணி நேரம் போகட்டும். விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், ஒட்டப் பிழிந்த ஸ்பாஞ்சால் இடுக்குகளுக்குக் குறுக்காகத் துடையுங்கள். முதலில் ஒரு விளிம்பு தெரியும், அப்புறம் ஒரு கண், ஒரு துடுப்பு. அதுவரை தனித்தனித் துண்டுகளாக இருந்தது அப்போதுதான் ஒரே படமாகிறது. மீதிப் படலத்தை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி பளிச்சென்று வரும். எத்தனை முறை செய்தாலும் இந்தச் சந்தோஷம் எனக்குக் குறையவில்லை.

நிறத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அடர்நீலக் கண்ணாடிக்கு நடுவே வெள்ளைக் கிரவுட் போட்டால் மீன் தெரியாது, வலைதான் தெரியும். அடர்சாம்பல் போட்டால் நீலம் எழுந்து வரும். ஈரத்தில் கறுப்பாகத் தெரிவது காய்ந்தால் வெளிறும், அதனால் ஒரு துண்டுப் பலகையில் போட்டுப் பாருங்கள். எல்லா மொசைக்குக்கும் கிரவுட் வேண்டும் என்பதும் இல்லை. இத்தாலியின் ரவென்னா நகரில் உள்ள 6ஆம் நூற்றாண்டு மொசைக்குகளில் துண்டுகள் சாய்வாகப் பதிந்து, ஒளியைப் பல பக்கம் சிதறவிடுகின்றன. அப்படிப்பட்ட பரப்பில் மேலே கிரவுட் பூசினால் அழகே போய்விடும்.

கலக்கும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசியில் சிலிகா இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும். கையுறையும் கட்டாயம். ஈர சிமென்ட்டின் காரம் தோலைப் புண்ணாக்கும், எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். மெருகில்லாத ஓடு, கல் என்றால் கிரவுட்டுக்கு முன்பே நுண்துளைகளை அடைக்கும் சீலர் ஒரு கை பூசுங்கள், இல்லாவிட்டால் கறை ஏறும். பளிங்கில் ஒட்டிய படலத்தை எடுக்க வினிகரோ அமிலமோ தொடவே தொடாதீர்கள், பளபளப்பு போனால் போனதுதான். மிஞ்சிய கிரவுட்டையும் வாளி கழுவிய தண்ணீரையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும். வாளியில் படிய விட்டு, இறுகியதைப் பெயர்த்துக் குப்பையில் போடுங்கள்.