லாரி சத்தத்துக்குள்ள பாலத்தோட சுருதியப் பிடிக்கிறது எப்படி?

மீனாட்சியம்மன் கோயில் இசைத்தூண்ல தட்டினா ஒவ்வொரு தூணும் ஒவ்வொரு சுருதியில கேக்கும், ஏன்னா கல்லோட கனமும் விறைப்பும் சேந்துதான் அது எந்த வேகத்துல அதிரணும்னு முடிவு பண்ணுது. மதுரை நத்தம் ரோட்டு மேம்பாலம் இருக்குல்ல, 7.3 கிலோமீட்டர், அதுல ஒவ்வொரு ஸ்பேனுக்கும், அதாவது ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்குற பகுதிக்கும், இதே கணக்குதான், என்ன, செகண்டுக்கு சில தடவைதான் அதிரும்ங்குறதால காதுக்குக் கேக்காது. பாலம் பழுதாகி, எடை மாறாம விறைப்பு மட்டும் 19 சதவீதம் கொறஞ்சா ஃப்ரீக்வென்சி, அதாவது செகண்டுக்கு எத்தனை தடவை அதிருதுங்குறது, 10 சதவீதம் இறங்கிரும், அதனாலதான் இதை அளக்குறாங்க.

சரி, அம்புட்டுப் பெரிய பாலத்த யாரு தட்டுறது? லாரியும் பஸ்ஸும் காத்தும்தான். எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயமே இதுதான், நாம இரைச்சல்னு நெனைக்கிறதுதான் பாலத்தத் தட்டுற கை. அதனால சுத்தம் பண்றேன்னு எல்லாத்தையும் வழிச்சு எடுத்துறக் கூடாது.

வேண்டாதது வேற இருக்கு. கரண்டு லைனோட 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்த எடுத்துக்கங்க, செகண்டுக்கு 48 தடவை அளந்தீங்கன்னா அது 2 ஹெர்ட்ஸா வேசம் போட்டு வந்து நிக்கும், பாலமே ஆடுற மாதிரி! பதிவானதுக்கு அப்புறம் அதப் பிரிக்க வழியில்ல, அளக்குறதுக்கு முன்னாடியே, மெதுவான அதிர்வ மட்டும் உள்ள விடுற லோ பாஸ் ஃபில்டர் போட்டு வெட்டிரணும்.

அடுத்து 1967ல வெல்ச்ங்குற ஆராய்ச்சியாளர் சொன்ன வழி. பதிவத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுலயும் எந்த ஃப்ரீக்வென்சியில எம்புட்டு பவர்னு பாத்து சராசரி எடுக்குறது. 16 துண்டுன்னா தாறுமாறான ஏத்த இறக்கம் நாலுல ஒரு பங்காயிரும், பாலத்தோட ஃப்ரீக்வென்சியில பவர் எழும்புற சிகரம் மட்டும் அசையாம நிக்கும். ஆனா துண்டு ரொம்பச் சின்னதாப் போச்சுன்னா சிகரம் அகலமாயிரும், அகலத்த வச்சுத்தான டேம்பிங், அதாவது அதிர்வு எம்புட்டு சீக்கிரம் அடங்குதுன்னு, கணக்குப் போடுறோம், அப்ப அதிர்வு சீக்கிரம் அடங்குற பாலம்னு பொய்யா விடை வரும். களை எடுக்கப் போயி நாத்தப் புடுங்குன கதைதான். நீளமாப் பதிவு பண்றதுதான் இதுக்கு மருந்து, அவசரப்பட்டா ஆகாது.

சென்சார் நெறைய வச்சா இன்னும் நல்லது. ஒவ்வொரு சென்சாரோட இரைச்சலும் அதது பாட்டுக்குப் போகும், பாலத்தோட ஆட்டம் மட்டும் எல்லாத்துலயும் ஒரே தாளத்துல வரும்.

அப்புறம் வெயில். சுவிட்சர்லாந்துல இசட்-24னு ஒரு பாலம், 1998ல இடிக்கிறதுக்கு முன்னாடி மாசக்கணக்கா அளந்தாங்க, உறைபனியில தார் இறுகி ஃப்ரீக்வென்சி ஏறுச்சு. நம்மூர்ல பனி உறையாது, ஆனா மே மாசத்து மதியமும் மார்கழி விடியக்காலையும் ஒண்ணாகாதுல்ல, அதனால ஒவ்வொரு பதிவோடயும் வெப்பநிலையச் சேத்து எழுதி வைக்கணும்.