பொலிகுதிரை: ‘ஸ்டட்’ என்பதற்கு நம் களத்துச் சொல்

அக்காவின் மகன் அவுஸ்திரேலியாவில், ஹன்டர் பள்ளத்தாக்கில், பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணை ஒன்றில் வேலை செய்கிறான். வன்னியில், ஒட்டுசுட்டானில் மாட்டுப்பட்டியோடு வளர்ந்த பிள்ளை. போன கிழமை கதைக்கும்போது கேட்டான்: “மாமா, வாற சீசனுக்கு எங்கட பண்ணையில எந்தெந்தக் குதிரை நிக்குது, என்ன கூலி, எத்தனை பெட்டை வரும் எண்டு அறிக்கை போட்டிருக்கினம். அம்மாவுக்கு விளங்கப்படுத்த வெளிக்கிட்டு முதல் சொல்லிலயே நிண்டிட்டன். ஸ்டட் எண்டதுக்குத் தமிழில என்ன?”

காதில் போடும் ஸ்டட் தோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது தூண், முளை என்ற பொருளுடைய வேறொரு பழைய சொல்லிலிருந்து வந்தது. குதிரை ஸ்டட்டின் பழைய ஆங்கில வடிவம் ‘ஸ்டோட்’. இனம் பெருக்குவதற்காக வைத்திருக்கும் குதிரைக் கூட்டம் என்று பொருள். அடி வேர் ‘நிற்றல்’. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொல்லான ‘ஸ்டூட்டே’ பெட்டைக் குதிரையைக் குறிக்கிறது. நம் ஆட்கள் பலர் வாழும் ஸ்டுட்கார்ட் நகரத்தின் பெயரே குதிரைத் தோட்டம் என்பதுதான். நகரச் சின்னத்திலும் குதிரை நிற்கிறது. ஆக, பழைய பொருளில் ஸ்டட் என்பது நம்முடைய பட்டி. பிற்காலத்தில்தான் அது கூட்டத்தை விட்டுத் தனி ஆண் விலங்கையும் குறிக்கத் தொடங்கியது.

அந்த ஆணுக்குத் தமிழில் புதுச் சொல் படைக்கத் தேவையில்லை. பொலி இருக்கிறது. பொலியெருது, பொலிகாளை, பொலிகடா என்று அகராதிகள் தருகின்றன. நலமடிக்காமல், அதாவது விதை நீக்காமல், இனம் பெருக்குவதற்கென்றே விட்டு வைக்கும் ஆண். அந்த வரிசையில் பொலிகுதிரை இயல்பாக வந்து நிற்கும்.

எனக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு பிடிப்பு வரக் காரணம் களவெட்டி, நெல்லைச் சூடு மிதிக்கும் களம். சூடு மிதித்து முடிந்து குவியும் நெல்லை அங்கே நெல் என்று சொல்ல விடமாட்டார்கள், அது பொலி. தூற்றினால் பொலி தூற்றுதல். “பொலி, பொலி” என்று சொல்லிக்கொண்டே அள்ளுவார்கள். இப்போது இயந்திரம் வயலிலேயே அறுத்து அடித்துச் சாக்கில் போட்டுவிடுகிறது, சொல்வதற்கு ஆள் குறைந்துவிட்டது. பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பெயர் பொலிசை. தஞ்சைப் பெரியகோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு கொடுத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றார்கள். கிழடும் செத்ததும் போக, ஈனும் குட்டிகள் எண்ணிக்கையைக் காக்கும் என்ற கணக்கு. நெல், காசு, மந்தை மூன்றும் பெருகுவதற்கு ஒரே வேர். இப்படி ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ‘இனவிருத்திக் குதிரை’ என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குதிரை நமக்குப் பெரும்பாலும் கடல் வழியாக வந்த பிராணி. பரி, புரவி, இவுளி என்று பெயர்களுக்குக் குறைவில்லை. பாண்டிய நாடு ஆண்டுதோறும் அரபுக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் குதிரை வாங்கியதை மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பார்த்து எழுதியிருக்கிறார். வாங்கினோம், ஏறினோம், பாடினோம். வளர்த்துப் பெருக்கியது குறைவு. ஆகவே வளர்ப்புச் சொல்லை மாட்டுப்பட்டியிலிருந்து எடுப்பதே சரி.

சரி, அறிக்கைக்கு வருவோம். அங்கே பொலிபருவம், அதாவது குதிரைகளை இணைசேர்க்கும் காலம், செப்டெம்பர் 1 இல் தொடங்குகிறது. குதிரைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். அவுஸ்திரேலியாவில் எல்லாப் பந்தயக் குதிரைகளுக்கும் வயது ஓகஸ்ட் 1 இல்தான் ஏறும். யூலைக் கடைசியில் பிறந்த கன்றுக்கு ஒரு கிழமைக்குள் ஒரு வயது ஆகிவிடும், பந்தயத்தில் அது கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்ததோடு ஓட வேண்டிவரும். ஆனபடியால்தான் கன்று ஓகஸ்ட் 1 க்கு முந்தாமல் பிறக்கும்படி செப்டெம்பர் 1 இல் தொடங்குகிறார்கள். பகல் நீளும்போதுதான் பெட்டை பருவத்துக்கு வரும் என்பதால், குளிர்காலத்திலேயே தொழுவத்தில் விளக்குப் போட்டுப் பகலை 16 மணித்தியாலம் ஆக்குகிறார்கள். வடகோளத்தில் வயது சனவரி 1 இல் ஏறும். பருவம் பெப்ரவரி நடுவில் திறக்கும். வன்னியில் காலபோக நெல் களத்துக்கு வரும் நாட்கள் அவை.

ஒரு பொலிகுதிரைக்குப் பெட்டை விடுவதற்கு வாங்கும் பணம் பொலிகூலி. இத்தனைக்கும் ஊசி போட்டுச் சினைப்படுத்தினால் அந்தக் கன்றைப் பதிவேட்டில் சேர்க்க மாட்டார்கள், நேராகத்தான் சேர வேண்டும். நம் ஊரில் மாட்டுக்குச் சாதாரணமாகிவிட்ட ஊசி அங்கே விலக்கு. கூலி அவ்வளவு ஏறுவதற்கு அதுவும் காரணம்.

இந்தப் பந்தயக் குதிரை இனத்தின் பெயரான ‘தரோபிரெட்’ என்பதை நான் மொழிபெயர்க்கவில்லை. ‘கலப்பற்ற குதிரை’ என்று சிலர் எழுதுகிறார்கள், அது பிழை. பயர்லி துருக்கி, டார்லி அரபி, கொடொல்பின் அரபி என்ற 3 ஆண் குதிரைகளை இங்கிலாந்துப் பெட்டைகளோடு சேர்த்து உருவான இனம் அது. 1791 இல் வெளியான வம்சப் பதிவேடுதான் அதற்கு வேலி. அரபுக் குதிரை என்பது போல இதுவும் இனப்பெயர், அப்படியே இருக்கட்டும்.

பெட்டை, கன்று இரண்டும் தொல்காப்பியம் குதிரைக்குச் சொன்ன பெயர்கள்தாம். ஆண் குதிரையைச் சேவல் என்பதையும் அது விலக்கவில்லை. கேட்டதும் மருமகனுக்கு நம்ப முடியவில்லை, அந்த நூலின் மரபியல் என்ற பகுதியைப் படம் எடுத்து அனுப்பினேன்.

அப்புறம் இன்னொன்று கேட்டான். பெட்டை இணங்குகிறதா என்று பார்க்க மட்டும் முதலில் ஓர் ஆணைக் கொண்டுவந்து வேலிக்கு அப்பால் நிறுத்துவார்களாம். இணங்கினால் அதை விலக்கிவிட்டு, விலைகூடிய குதிரையை விடுவார்கள். அதற்கு இப்போதைக்கு ‘பார்வைக் குதிரை’ என்று சொல்லி வைத்திருக்கிறேன். முத்தையன்கட்டுப் பக்கம் பட்டி வைத்திருப்பவர்களிடம் இதைவிட நல்ல சொல் இருக்கும். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.