பார்பேரியன்: காட்டுமிராண்டியா, பரதேசியா?

வரலாற்றிலும், கோனன் போன்ற காமிக்ஸ் நாயகர்களின் பட்டத்திலும் வரும் 'பார்பேரியன்' (barbarian) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? அது பிறந்த கதையிலிருந்து தொடங்குவோம். யாராவது கடகடவென்று ஆங்கிலம் பேசினால் "தஸ்ஸுபுஸ்ஸுன்னு பேசுறான்" என்கிறோம். தஸ் என்றோ புஸ் என்றோ ஒரு சொல்லும் கிடையாது. நம் காதில் விழுகிற சத்தம் அது, அவ்வளவுதான். பார்பேரியன் என்ற சொல் பிறந்த கதையும் இதேதான். புரியாத மொழியெல்லாம் பண்டைய கிரேக்கர் காதில் 'பர் பர்' என்று விழுந்தது. அப்படிப் பேசியவனுக்கு 'பார்பரோஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் வழக்கில் சொன்னால், தஸ்ஸுபுஸ்ஸுக்காரன்.

இலியட் என்ற கிரேக்கக் காவியத்தில் காரியர் என்ற இனத்தாருக்கு 'பர்பரப் பேச்சுக்காரர்' என்று அடைமொழி வருகிறது. கோடரி, தோலாடை, சடைமுடி எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை, பேச்சு மட்டும்தான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தோடு போர் மூண்ட பிறகுதான் அதில் இளக்காரம் ஏறியது. இத்தனைக்கும் அந்தப் பாரசீகர்கள் பேரரசு கண்டவர்கள். பிறகு ரோமானியர் இதே சொல்லை வாங்கி, எல்லைக்கு அப்பால் இருந்த ஜெர்மானியக் குடிகளின் தலையில் கட்டினார்கள். கிரேக்கர் கணக்கில் ரோமானியரும் பார்பரோஸ்தான். கிரேக்க நாடகங்களை லத்தீனில் ஆக்கிய ரோமானிய நாடகாசிரியர் பிளாட்டஸ், அதை 'பார்பர மொழிக்கு மாற்றியது' என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் தமிழில் இருக்கிறது. சிலப்பதிகாரம் 'வன்சொல் யவனர்' என்கிறது. யவனர் என்ற பெயர் அயோனியக் கிரேக்கரிலிருந்து வந்தது. உலகத்துக்கே 'பர் பர்' பட்டம் கட்டியவர்களின் பெயரைச் சுமந்தவர்கள், தமிழ்க் காதுக்குக் கரடுமுரடாகப் பேசுகிறவர்கள்! முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் மிலேச்சர், அதாவது அயல்நாட்டார், 'உடம்பின் உரைக்கும் உரையா நாவின்' ஆட்கள்: நா பேசாது, கை கால் அசைவு பேசும். அவர்களுக்கு மொழி இல்லாமலா இருந்திருக்கும்? புலவருக்குப் புரியவில்லை, அல்லது அங்கே பேச ஆளில்லை.

சரி, காமிக்ஸுக்கு வருவோம். ராபர்ட் இ. ஹோவர்ட் எழுதிய கோனன் கதைகள் 1932 டிசம்பரில் ஒரு மலிவுவிலைப் பத்திரிகையில் தொடங்கின. 1970இல் ராய் தாமஸ் எழுத, பாரி ஸ்மித் வரைய, மார்வெல் அவனைக் காமிக்ஸ் ஆக்கியது. அந்தத் தொடர் 1993 வரை 275 இதழ்கள் ஓடியது. அலைகிற நாயகனாக இருப்பது இதற்குத் தோதான ஏற்பாடு. இந்த இதழில் திருடன், அடுத்த இதழில் கூலிப்படை வீரன், அப்புறம் கடற்கொள்ளையன். எந்த ஊரிலும் அவன் புது ஆள். படிக்கிற நாமும் அந்த ஊருக்குப் புதுசு. ஆகவே அவன் தோளுக்குப் பின்னாலேயே நுழைந்துவிடுகிறோம்.

1933இல் வெளிவந்து 1971இல் காமிக்ஸான யானைக் கோபுரக் கதையைப் பாருங்கள். திருடர்கள் கூடும் மதுக்கடை. இளம் கோனன் வாய் திறக்கிறான். பேச்சில் வேற்றூர் வாடை அடிக்கிறது. கோபுரத்தில் இருக்கும் இரத்தினக்கல்லை ஏன் இன்னும் யாரும் திருடவில்லை என்று வெள்ளந்தியாகக் கேட்கிறான். கடையே சிரிக்கிறது. பார்பரோஸின் அசல் பொருள் இதுதான்: பேச்சாலேயே அந்நியனாகத் தெரிகிறவன். பிறகு அவனே கோபுரம் ஏறுகிறான். உள்ளே யானைத் தலையோடு, கண்கள் குருடாக்கப்பட்டு, கை கால் சிதைந்து ஓர் உயிர் கிடக்கிறது. அந்த நிலைக்கு ஆளாக்கியவன் நகரமே நடுங்கும் மந்திரவாதி. வாளோடு போன கோனன், மனித குலத்தின் பாவமெல்லாம் தன் மேல் விழுந்ததுபோல் கூனிக் குறுகி நிற்கிறான்.

இவனை 'நாகரிகமற்றவன்' என்று எப்படி மொழிபெயர்ப்பது? திருக்குறளில் 'நயத்தக்க நாகரிகம்' வருவது கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில். அங்கே அந்தச் சொல்லுக்கு இரக்கம் என்றே பொருள் கொள்கிறார் பரிமேலழகர். அந்தக் கணக்கில் அந்தக் கோபுரத்திலேயே நாகரிகமான மனிதன் கோனன் ஒருவன்தான். 'காட்டுமிராண்டி'யோ வெறும் வசவு. கூச்சலும் முரட்டுத்தனமும் அதில் இருக்கின்றன, அந்நியத்தன்மை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைக்கூட அப்படித் திட்டலாம்.

உண்மையில் பொருத்தமான சொல் ஒன்று உண்டு: பரதேசி. பர தேசத்தான், அதாவது வேறு நாட்டிலிருந்து வந்தவன். ஊர் ஊராக அலைகிறவன். அந்நியன் என்பதும் அலைவது என்பதும் ஒரே சொல்லில். போதாக்குறைக்கு, பார்பரோஸைப் போலவே இதுவும் கடைசியில் திட்டாகிவிட்டது! ஆனால் அட்டையில் 'பரதேசி கோனன்' என்று போட்டால் வாளைத் தூக்கிய கை பிச்சைப் பாத்திரம் ஏந்தியதுபோல் ஆகிவிடும். மனசில்லாமல் விட்டுவிடுகிறேன்.

ஆக, என் தேர்வு இது. வரலாற்றில் ரோமானியர் சொன்ன பார்பேரியர்களுக்கு 'அயற்குடியினர்'. கிரேக்கர் சொன்ன பொருளுக்கு 'வேற்றுமொழியாளர்'. காமிக்ஸ் நாயகனுக்கு 'நாடோடி வீரன்'. பேச்சு விஷயம் இதில் விடுபடுகிறது, தெரிந்தேதான் விடுகிறேன். அதைப் படமும் வசனமும் பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஒரு விலக்கு, குரூ. இந்த வகைக் கதைகளைப் பகடி செய்து செர்ஜியோ அரகோனெஸ் 1980களில் உலவவிட்ட மடையன். அவன் வருகிறான் என்றால் ஊரே ஓடும், ஏறிய கப்பல் மூழ்கும். அவனைக் காட்டுமிராண்டி என்றே எழுதலாம். யாராவது மந்தபுத்தி என்று திட்டினாலே, அது திட்டு என்று பல பக்கம் தள்ளித்தான் அவனுக்கு உறைக்கும்.