ஜெம் தளத்தில் கொள்முதல்: எந்தத் தொகைக்கு எந்த வழி?

அரசு அலுவலகத்தில் நாலு நாற்காலி வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன் கேட்பது பழைய வழக்கம். கேட்பது என்னவோ மூன்று. பல நேரம் மூன்றையும் கொண்டுவந்து தருபவர் ஒரே ஆள். லெட்டர்பேடு மட்டும்தான் வேறு வேறாக இருக்கும். விலையை ஒப்பிட்டுப் பார்த்ததாகக் கோப்பில் ஏறிவிடும். விலை குறைந்திருக்காது.

இதற்கு மாற்றாக மத்திய அரசு 2016 ஆகஸ்டில் தொடங்கியதுதான் ஜெம் எனப்படும் அரசு மின்சந்தை. துறைகளுக்காக விலை ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்த பழைய கொள்முதல் இயக்ககத்தை அடுத்த ஆண்டே மூடிவிட்டார்கள். ஜெம்மில் கிடைக்கிற பொருளையும் சேவையையும் மத்திய அமைச்சகங்களும் துறைகளும் அங்கேயேதான் வாங்க வேண்டும் என்கிறது 2017 பொது நிதி விதிகளின் 149ஆம் விதி. மாநிலத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள், உள்ளாட்சி அமைப்புகளும் வாங்கலாம். 2022இல் கூட்டுறவு அமைப்புகளுக்கும் அனுமதி கிடைத்தது.

சரி, எவ்வளவு தொகைக்கு எப்படி வாங்குவது? 2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள்படி, 50,000 ரூபாய் வரை தேவையான தரத்தில், உரிய காலத்துக்குள் தரக்கூடிய எந்த விற்பனையாளரிடமும் நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் 10 லட்சம் வரை, குறைந்தது மூன்று தயாரிப்பாளர்களின் பொருளை ஒப்பிட்டு, அதில் குறைந்த விலைக்குத் தருபவரிடம் வாங்க வேண்டும். கவனியுங்கள், மூன்று கடை இல்லை, மூன்று தயாரிப்பாளர். ஒரே கம்பெனியின் மூன்று டீலர்களை வரிசையாக நிறுத்திவைக்கும் வேலை இங்கே செல்லாது. 10 லட்சத்தைத் தாண்டினால் ஏலப்புள்ளி, அதாவது விற்பவர்களிடம் போட்டி விலை, கேட்டாக வேண்டும், அல்லது தலைகீழ் ஏலம் நடத்த வேண்டும். தலைகீழ் ஏலத்தில் விலை ஏறாது, இறங்கும். ‘நான் இன்னும் குறைத்துத் தருகிறேன்’ என்று விற்பவர்கள் போட்டி போடுவார்கள். வாகனங்களுக்கு மட்டும் வரம்பு வேறு.

வரம்பு என்று ஒன்று இருந்தால் அதற்குக் கீழே நுழைந்து போகவும் ஆள் இருப்பார்கள். 12 லட்சத்துக்குக் கணினி வேண்டும், ஏலம் வேண்டாம் என்றால் நாலு நாலு லட்சமாக மூன்றாகப் பிரித்து ஆர்டர் போட்டுவிடுவது. இப்படித் துண்டு போடக்கூடாது என்று விதி தெளிவாகவே சொல்கிறது. காகிதக் காலத்திலும் இதே தடை இருந்தது. ஆனால் மூன்று கோப்பும் மூன்று பீரோவில் கிடக்கும், தணிக்கைக்கு வருபவர் கண்ணில் பட்டால் உண்டு. இப்போது ஒரே கணக்கில், தேதி வாரியாக, அடுத்தடுத்து நிற்கிறது.

பொருள் வந்து சேரும் கட்டமும் முக்கியம். ஆர்டர் போடுபவர், பொருளைப் பெறுபவர், பணம் வழங்குபவர் ஆகிய மூவருக்கும் தனித்தனி லாகின். பெறுபவர் பொருளைச் சோதித்து 10 நாளுக்குள் ஏற்புச் சான்று தர வேண்டும். அதிலிருந்து 10 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். சீக்கிரம் பணம் கொடுத்தால் செலவும் குறையும். அது எப்படி என்று தோன்றலாம். ஆறு மாதம் கழித்து வரும் பணத்துக்கு எந்த வியாபாரியும் அந்த வட்டியையும் சேர்த்துத்தானே விலை சொல்வார்!

ஜெம்மில் இல்லை என்று சொல்லி வெளியே டெண்டர் விடுவதற்கும் வாய்ச்சொல் போதாது. அந்தப் பொருள் அங்கே கிடைக்கிறதா என்பதற்கான அறிக்கையைத் தளத்திலிருந்தே எடுத்து, அதற்குரிய எண்ணைக் காட்ட வேண்டும்.

இதையெல்லாம் வைத்து ஜெம் விலை என்றாலே நியாய விலை என்று நினைத்துவிடக்கூடாது. விலை நியாயமானதுதான் என்று சான்றளிக்கும் பொறுப்பை அதே 149ஆம் விதி வாங்கும் அதிகாரியிடம்தான் விட்டிருக்கிறது. அதே மாடல் பக்கத்துக் கடையில் இரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கும்போது, ‘ஜெம்மில் இதுதான் விலை’ என்பது தணிக்கையில் எடுபடாது. ஒரு பிராண்டுக்கு மட்டுமே பொருந்துகிற மாதிரி தேவைக் குறிப்பு எழுதினால் போட்டிக்கு ஆள் வரமாட்டார்கள். அப்புறம், மார்ச் கடைசி வாரத்தில் நிதி வீணாகிவிடுமே என்று தேவையில்லாத பிரிண்டர் பத்து வாங்கினால், அதையும் ஜெம் குறைந்த விலையில் வாங்கித் தரும்.