திறப்பு விழாவுக்கு முன்னால் அலமாரியை எண்ணுங்கள்

போன மாதம் இன்னொரு பல்கலைக்கழக நூலகத்திலிருந்து அழைப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் கதை ஒன்றுதான். புது சாஃப்ட்வேர், புத்தகங்களுக்கு ஆர்எஃப்ஐடி சில்லு (ரேடியோ அலையில் படிக்கும் அடையாளச் சில்லு), வாசலில் கேட், மாணவர்களே புத்தகம் பதிந்து எடுத்துக்கொள்ள ஒரு கியோஸ்க் என்று எல்லாம் வாங்கி, ரிப்பன் வெட்டி, படம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கியோஸ்க் மேல் துணி போர்த்தியிருக்கிறது. கேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள், சும்மா சும்மா கத்துகிறதாம். கவுன்டரில் பழைய இஷ்யூ நோட்டு திரும்ப வந்துவிட்டது. "சாஃப்ட்வேர் சரியில்லைங்க சார், வேற எது நல்லதுன்னு சொல்லுங்க" என்கிறார்கள்.

சாஃப்ட்வேருக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே போட்டிருக்கும் பட்டியல்தான் குப்பை. அதைச் சொன்னதும் எல்லோர் முகமும் சுருங்கிவிட்டது. இன்னொரு சாஃப்ட்வேரின் பெயரைச் சொல்லியிருந்தால் டீயோடு போண்டாவும் வந்திருக்கும்.

நூலகத்தை நவீனமாக்குவது என்றால் எதையோ வாங்குவது என்ற நினைப்பு நம் ஊரில் எப்படி இவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்று தெரியவில்லை. துணைவேந்தரிலிருந்து கணக்குப் பிரிவு வரை கேட்கும் முதல் கேள்வி, "எது வாங்கலாம்?" என்பதுதான். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. இருக்கும் கேட்லாக்கில் எத்தனை சதவீதம் சரி என்று கேட்கும் ஒருவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். நூலக சாஃப்ட்வேருக்குப் புத்தகம் தெரியாது. நீங்கள் பதிந்த வரி மட்டும்தான் தெரியும். புத்தகம் தொலைந்து இருபது வருடமாகியிருந்தாலும், பதிவில் இருந்தால் "உள்ளது" என்றுதான் திரையில் காட்டும். புத்தகம் கண் முன்னால் அலமாரியில் இருந்தாலும், பதிவில் இல்லையென்றால் "இல்லை" என்றுதான் சொல்லும். ஆர்எஃப்ஐடி சில்லும் அப்படித்தான். அதற்குள் இருப்பது பெரும்பாலும் அக்செஷன் நம்பர்தான், அதாவது நூலகத்தில் சேர்க்கும்போது ஒவ்வொரு பிரதிக்கும் கொடுக்கும் வரிசை எண். அந்த நம்பர் வேறொரு புத்தகத்தைக் காட்டினால் அந்தச் சில்லு விலை உயர்ந்த ஒரு ஸ்டிக்கர், அவ்வளவே. கோஹா என்ற நூலக சாஃப்ட்வேரிலிருந்து சோல் என்ற இன்னொன்றுக்குப் போனாலும், சோலிலிருந்து கோஹாவுக்கு வந்தாலும், லட்சக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டுச் சரக்கு வாங்கினாலும், தப்பான பட்டியல் தப்பாகவே கூட வரும். பழைய வீட்டு மூட்டையைப் பிரிக்காமல் புது வீட்டில் இறக்கிவிட்டு, வீடு மாறியும் சாமான் கிடைக்கவில்லை என்பது போலத்தான்.

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு: "கோஹா ஓசிதானே, பட்ஜெட் எதுக்கு?" நியூசிலாந்தில் ஒரு சிறிய பொது நூலக அமைப்புக்காக எழுதி 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்த மென்பொருள் அது. உரிமத்துக்குக் காசு இல்லை என்பது உண்மை. ஆனால் சர்வர், பழைய பதிவுகளைத் திருத்தி மாற்றும் வேலை, பயிற்சி, வருடாவருடம் பராமரிப்பு, இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் ஆகியவற்றுக்கு எங்கும் காசுதான். காந்திநகரிலிருந்து இன்ஃப்லிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலகங்களுக்கான மத்திய மையம் தரும் சோலுக்கும் இதே கணக்கு. திட்டத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பாதிக்கு மேல் இயந்திரத்துக்குப் போனால் அந்தத் திட்டம் தேறாது என்பது என் சொந்த அளவுகோல். எந்த விதிப் புத்தகத்திலும் தேடாதீர்கள்.

சரி, பட்டியல் எப்படிக் கெடுகிறது? தமிழ்நாடு, கேரளம் சேரும் எங்கள் எல்லைப் பகுதிக்கென்று தனி வியாதி உண்டு. 1956 வரை பாலக்காடு மதராஸோடு இருந்தது, சித்தூர் கொச்சியோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இன்றும் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். அதனால் இங்குள்ள கல்லூரி, பல்கலைக்கழக அலமாரிகளில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றும் தோளோடு தோள் நிற்கின்றன. ஆங்கிலப் புத்தகத்துக்கு அதன் சர்வதேச நூல் எண்ணான ஐஎஸ்பிஎன்னைத் தட்டினால் வேறு நூலகத்திலிருந்து முழுப் பதிவும் நொடியில் இறங்கிவிடும். 1960களில் அச்சான தமிழ்ப் புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் ஏது? உட்கார்ந்து தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு என்று ஒவ்வொன்றாக ஒரு ஆள் பதிய வேண்டும். அந்த ஆளுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். இதைப் பதிவுக்கு இத்தனை ரூபாய் என்று குத்தகைக்கு விட்டால் என்ன நடக்கும்? ஒரு நாளைக்கு எத்தனை வரி தட்டினோம் என்பதுதான் அவர்கள் கவலை. ஆசிரியர் இடத்தில் பதிப்பகம் இருக்கும். தலைப்பை ஆங்கில எழுத்தில் அவரவர் காதுக்குக் கேட்டபடி அடித்திருப்பார்கள். ஒரே எழுத்தாளர் ஆறு ஸ்பெல்லிங்கில் ஆறு பேராகியிருப்பார். யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருந்தால் திரையில் வருவது எந்த மொழியும் இல்லை.

யூனிகோடில் அடித்துவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லை என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு இன்னொன்று. மலையாளச் சில்லெழுத்துகளுக்கு (உயிர் சேராத மெய்களின் தனி வடிவங்கள்) தனிக் குறியீடு 2008இல், யூனிகோட் 5.1இல்தான் வந்தது. அதற்கு முன் அடித்த பெயரும் பின் அடித்த பெயரும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். தேடுபொறிக்கு இரண்டும் வேறு வேறு. நமக்கும் இது உண்டு. 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக உள்ளிட முடியும், பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. அப்புறம் ஒற்று. 'கதைத் தொகுப்பு', 'கதைத்தொகுப்பு', 'கதை தொகுப்பு' மூன்றும் மூன்று தேடல்கள். மாணவி ஒன்றைத் தேடிவிட்டு, இல்லை என்று வந்தால், போய்விடுவாள். புத்தகம் அங்கேயே இருக்கும். எப்படி எழுதுவது என்று இரண்டு பக்கத்தில் ஒரு விதித்தாள் போட்டு, பதிபவர் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பிறகு ஆரம்பியுங்கள். இதற்கு டெண்டர் தேவையில்லை.

அடுத்தது யாரும் வாய் திறந்து பேசாத விஷயம்: ஸ்டாக் வெரிஃபிகேஷன். பல நூலகங்களில் முழுமையாகப் புத்தகம் எண்ணிப் பல வருடமாகியிருக்கும். சோம்பல் இல்லை, பயம். எண்ணினால் குறையும். குறைந்தால் ஓய்வு பெறும்போது தலையில் கட்டுவார்கள், பென்ஷனை நிறுத்துவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தால், அக்செஷன் ரிஜிஸ்டரை அப்படியே பார்த்துப் புது சாஃப்ட்வேரில் அடித்துவிடுகிறார்கள். இல்லாத புத்தகமெல்லாம் கம்ப்யூட்டரில் உயிரோடு உலாவுகிறது. பிறகு சில்லு ஒட்டும் நாளில் வெள்ளை பூசியதெல்லாம் வெளியே வருகிறது.

தயவுசெய்து ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகளே புத்தகம் தொலைவதை ஒப்புக்கொள்கின்றன. ஒரு வருடத்தில் வெளியே கொடுத்த, அங்கேயே எடுத்துப் படித்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து என்ற அளவில் இழப்பு நியாயமானது, அதை நேர்மையின்மை அல்லது அலட்சியம் என்று சொல்ல முடியாவிட்டால் யார் தலையிலும் கட்ட வேண்டியதில்லை என்கின்றன. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகத்துக்கும் அரிய நூலுக்கும் மட்டும் விசாரணை கட்டாயம். எண்ணுவதிலும் அளவு வைத்திருக்கிறார்கள். இருபதாயிரம் புத்தகம் வரை வருடாவருடம், ஐம்பதாயிரம் வரை மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது, அதற்கு மேலென்றால் மாதிரி எடுத்துப் பார்த்தால் போதும். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு அவரவர் சட்டதிட்டம் இருக்கும். ஆனால் சிண்டிகேட்டில் தீர்மானம் கொண்டுபோகும்போது காட்ட இதைவிட நல்ல தாள் கிடைக்காது. திட்டத்தின் முதல் வேலையாகத் துணைவேந்தரிடம் கேட்டு வாங்க வேண்டியது பணம் அல்ல, இந்தப் பாதுகாப்பு. "எண்ணுங்கள், குறைந்தால் முறைப்படி தள்ளுபடி செய்கிறோம், யாரையும் தண்டிக்க மாட்டோம்" என்று எழுத்தில் ஒரு வரி. அது கிடைத்த நூலகங்களில் உதவியாளர்கள் தாங்களாகவே அலமாரிக்குப் பின்னால் கிடந்ததையெல்லாம் இழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணும்போதே கழிக்கவும் வேண்டும். விண்டோஸ் 98 கற்றுத்தரும் புத்தகத்தின் பன்னிரண்டு பிரதிக்கும் சில்லு ஒட்டுவது யார் வீட்டுப் பணத்தில்?

மார்ச் மாதக் கொள்முதலைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. ரூசா என்றோ அதற்குப் பின் வந்த பிஎம்-உஷா என்றோ மத்திய அரசின் உயர்கல்வித் திட்டப் பணம் வருகிறது. மார்ச் 31க்குள் செலவழித்து, செலவானதற்கு யுடிலைசேஷன் சர்டிபிகேட் அனுப்ப வேண்டும். கல்லூரிகளைத் தரம் பிரிக்கும் நாக் குழு வேறு வரப்போகிறது. அவசரத்தில் குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர் போய்விடுகிறது. பெட்டி வந்து இறங்குகிறது. அடுத்த வருடப் பராமரிப்புக்கு பட்ஜெட்டில் தலைப்பே இல்லை. இரும்பு அலமாரி நெருக்கத்தில் சில்லு சரியாகப் படிக்காது என்பதை விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை. 13.56 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இந்தச் சில்லுகளுக்கு உலோகம் ஆகாது, உலோகத் தாள் ஒட்டிய அட்டைக்கும் அதே பாடுதான். சில்லுக்குள் தகவல் எழுதும் முறைக்கு ஐஎஸ்ஓ 28560 என்ற தரநிலை இருக்கிறது. அதை டெண்டரில் எழுதாவிட்டால், விற்றவர் தன் சொந்த முறையில் எழுதித் தருவார். பிறகு கியோஸ்க் மாற்ற வேண்டுமென்றாலும் அவர் காலில்தான் விழ வேண்டும். சில்லு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடைசியில் வாங்குங்கள் என்கிறேன். பார்கோடு மட்டும் வைத்து அழகாக ஓடும் நூலகங்கள் நிறைய இருக்கின்றன.

இத்தனைக்கும் பொறுப்பு யாருக்கு? கமிட்டிக்கு. ஏழு பேராசிரியர்கள், வருடத்துக்கு இரண்டு கூட்டம், முந்திரிப்பருப்பு. கமிட்டி ஆலோசனை சொல்லட்டும். வேலைக்கு ஒரே ஒரு ஆளை நியமியுங்கள், அவரைக் கவுன்டர் டியூட்டியிலிருந்து விடுவியுங்கள், பத்தாயிரம் ரூபாய் வரையாவது கையெழுத்துப் போடும் அதிகாரம் கொடுங்கள். பயிற்சியை ஒப்பந்த ஊழியருக்கு மட்டும் கொடுப்பதும் ஒரு பழக்கம். இளம் வயது, கம்ப்யூட்டர் தெரியும் என்பார்கள். அடுத்த ஜூனில் அவர் கோயமுத்தூரில் வேறு வேலைக்குப் போயிருப்பார். இருபத்தைந்து வருடமாக அதே அலமாரியைத் துடைத்து, எந்தப் புத்தகம் எந்த மூலையில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அட்டெண்டர் அண்ணனை ஓரமாக உட்கார வைத்திருப்பார்கள். முதலில் அவரைக் கூப்பிடுங்கள். மவுஸ் பிடிக்க ஒரு வாரம் ஆகும், ஆகட்டுமே.

முன்னேற்றத்தை அளப்பதற்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். "ஆர்எஃப்ஐடி 80 சதவீதம் முடிந்தது" என்ற அறிக்கையைக் கிழித்துப் போடுங்கள். அலமாரியிலிருந்து கண்ணில் பட்ட இருநூறு புத்தகத்தை எடுத்து ஓபேக்கில், அதாவது வாசகர் தேடும் கம்ப்யூட்டர் கேட்லாக்கில், தேடுங்கள். பிறகு ஓபேக்கிலிருந்து இருநூறை எடுத்து அலமாரியில் தேடுங்கள். இரண்டிலும் எத்தனை கிடைக்கிறது என்று மாதாமாதம் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எங்கள் தொழிலில் ஒரு கசப்பான கேலி உண்டு: ஓபேக்கில் இருப்பது அலமாரியில் இருக்காது, அலமாரியில் இருப்பது ஓபேக்கில் இருக்காது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று சீர்காழிக்காரர் ரங்கநாதன் நூலகவியலின் நான்காம் விதியாக 1931இலேயே எழுதிவிட்டார். நாம் கியோஸ்க் முன்னால் வரிசையில் நிற்க வைத்திருக்கிறோம்.

மொத்த நூலகத்தையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள். எந்தப் புத்தகம் அதிகம் போகிறது என்று இஷ்யூ நோட்டு சொல்லும். அந்த இரண்டாயிரம், மூவாயிரத்திலிருந்து ஆரம்பியுங்கள். நோட்டும் சாஃப்ட்வேரும் ஒன்றாக ஓடும் காலத்துக்கு ஒரு கடைசித் தேதி வையுங்கள், கோடை விடுமுறைக்குள் முடியுமாறு. தேதி வைக்காவிட்டால் இரண்டும் சாகும் வரை கூடவே ஓடும், ஊழியருக்கு வேலை இரட்டிப்பாகும், அவர்கள் நோட்டின் பக்கம்தான் சாய்வார்கள். பேக்கப்பை அதே சர்வரிலேயே வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, கடவுள் காப்பாற்றட்டும்.

காசே இல்லாமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடக்கிறது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு. வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைய இன்ஃப்லிப்நெட்டின் இன்ஃபெட் என்ற லாகின் வழி இருக்கிறது. ஆனால் கோவிந்தாபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஆராய்ச்சி மாணவியிடம் கேட்டால், அப்படியொன்று இருப்பதே தெரியாது என்கிறாள், கட்டுரைக்குத் தோழியின் தோழியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு லாகின் போட்டுக் கொடுத்து, மொபைலில் எப்படித் திறப்பது என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாள் அடித்துக் கொடுங்கள். இந்த வாரமே செய்யலாம்.

இப்போது உங்கள் மேசையில் ஒப்பந்த வரைவு ஏதாவது கிடந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பத்தியைத் தேடுங்கள். ஒப்பந்தம் முடியும்போது மொத்தப் பதிவுகளையும் எந்த நூலக சாஃப்ட்வேரும் படிக்கும் பொது வடிவமான மார்க்கில், கூடுதல் கட்டணம் இல்லாமல், நூலகத்திடம் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அதை எழுதிச் சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். மார்ச் 31 நெருங்கிவிட்டது என்று கணக்குப் பிரிவு கத்தினால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.