தையல் இல்லாத சுவரும் ஆரத்தித் தண்ணீரும்

வண்டன்மேட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். "சார், எனக்கு ஏழு மாசம். ஏலத்தோட்டத்துல பாதிப் பேருக்குக் காய்ச்சல். டாக்டரம்மா ஃப்ளூ ஊசி போட்டுக்கச் சொல்றாங்க. மாமியார் வேண்டாங்கறாங்க. ஊசி மருந்து கொடி வழியாப் பிள்ளைக்குப் போயிரும்னு பயப்படுறாங்க. போகுமா?"

மாமியார் கேட்டது நல்ல கேள்வி. மருந்து போகாது. அதன் வேலை தசையிலும் அக்குளை ஒட்டிய நிணநீர்க் கணுக்களிலும் முடிந்துவிடும். ஆனால் அந்த மருந்தைப் பார்த்து அம்மாவின் உடல் தயாரிக்கும் இன்னொரு பொருள் பிள்ளைக்குப் போகும். நிறையவே போகும்.

அதைச் சொல்வதற்கு முன்னால், காய்ச்சல் காலத்தில் கர்ப்பிணியை மட்டும் ஏன் இவ்வளவு பொத்திப் பொத்திப் பார்க்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயிறு பெரிதாக ஆக, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் 4 சென்டிமீட்டர் வரை மேலே தள்ளப்படுகிறது. மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் கையிருப்புக் காற்று ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே சமயம் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய அதே அளவுக்குக் கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் மாதிரி, ஒரு நிமோனியா வந்தால் தாங்காது. கொரோனா காலத்தில் மற்றவர்களுக்கு ஆக்சிமீட்டரில் 93, 94 வரை பொறுத்துப் பார்த்த டாக்டர்கள், கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே இறங்கினாலே பரபரத்தது இதனால்தான். 2009-ல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது, அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் 1 சதவீதம்தான். இறந்தவர்களில் அவர்கள் 5 சதவீதம்.

சரி, இப்போது கொடிக்கு வருவோம்.

நஞ்சுக்கொடியை எங்கள் பக்கம் பாட்டிமார் வெறுமனே 'நஞ்சு' என்பார்கள். "நஞ்சு விழுந்துருச்சா?" என்று பிரசவ அறைக்கு வெளியே கேட்கும் குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இப்படி ஓர் உறுப்புக்கு இந்தப் பெயரா என்று எனக்கு எப்போதும் ஆதங்கம் உண்டு. தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் அங்கே கலப்பதில்லை. நடுவில் ஒரு சுவர். சாதாரணத் தோலில் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல இருக்கும். செங்கலுக்குச் செங்கல் இடுக்கு இருக்கும். இந்தச் சுவரில் இடுக்கே கிடையாது. லட்சக்கணக்கான செல்கள் ஒன்றோடொன்று உருகி இணைந்து, எண்ணற்ற உட்கருக்கள் கொண்ட ஒரே செல்லாகப் படர்ந்திருக்கிறது. மடிப்பு மடிப்பாக இருப்பதால், விரித்தால் ஓர் அறையின் தரையளவு, சுமார் 10 சதுர மீட்டர் வரும். தையலே இல்லாத துணி என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைய இடுக்கு இல்லாததால் பல கிருமிகள் இங்கேயே நின்றுவிடுகின்றன.

இந்தச் செல்களை உருக்கி ஒட்டும் புரதத்தின் பெயர் சின்சைட்டின். அதற்கான மரபணு 2 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் நம் குரங்கு மூதாதையரைத் தொற்றிய ஒரு வைரஸ் விட்டுப்போனது! செல்லுக்குள் நுழைய வைரஸ் வைத்திருந்த கருவியை எடுத்து, பிள்ளையைக் காக்கும் சுவர் கட்டியிருக்கிறது இயற்கை. கொரோனா தடுப்பூசி வந்தபோது, 'ஊசி போட்டால் உடல் இந்தச் சின்சைட்டினையே தாக்கும், பிள்ளை தங்காது' என்று ஒரு வதந்தி வாட்ஸப்பில் சுற்றியது. ஊசி நம் உடலுக்கு அடையாளம் காட்டும் கொரோனா புரதத்துக்கும் சின்சைட்டினுக்கும் சொல்லிக்கொள்ளும்படி ஒற்றுமையே இல்லை. ஊசி போட்ட பிறகு கர்ப்பமாகி நல்லபடியாகப் பெற்றவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

இடுக்கில்லாத சுவரில் ஒரு சிக்கல் உண்டு. ஆக்சிஜன் மாதிரிச் சின்ன மூலக்கூறு ஊடுருவிப் போய்விடும். முதலில் சொன்னேனே, அம்மாவின் உடல் தயாரிக்கும் இன்னொரு பொருள், அதுதான் நோய் எதிர்ப்புக்கான ஆன்டிபாடி. அது பெரிய சரக்கு, தானாகப் போகாது. தூக்கிக்கொண்டுபோக ஆள் வேண்டும்.

ஆள் இருக்கிறது. அதைப் பிராம்பெல் ஏற்பி என்பார்கள். சுவரின் தாய்ப்பக்கம் ரத்தத்தைச் சின்னச் சின்னக் குமிழிகளாக உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கிறது. குமிழிக்குள் ஆன்டிபாடியும் இருக்கும், வேறு நூறு புரதங்களும் இருக்கும். சுமைதூக்குபவர் எதைப் பிடிக்க வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று யார் சொல்வது?

புளிப்புதான் சொல்கிறது. புளிப்பை அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். ரத்தத்தின் பிஎச் 7.4. குமிழி உள்ளே போனதும் செல் அதற்குள் அமிலத்தை ஏற்றி, பிஎச்சை 6 பக்கத்தில் இறக்கிவிடும். ஐ.ஜி.ஜி. என்ற வகை ஆன்டிபாடியின் அடித்தண்டில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் சில முக்கியமான இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. அமிலத்தில் அது ஒரு புரோட்டானை வாங்கி நேர்மின்னேற்றம் பெறும். ஏற்பியின் கையில் இருப்பது எதிர்மின்னேற்றம். சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத புரதங்கள் செரித்துச் சிதைக்கப்படும். ஒட்டிய ஐ.ஜி.ஜி. மட்டும் பத்திரமாகச் சுவரின் மறுபக்கம் போகும். அங்கே குமிழி பிள்ளைப் பக்கம் திறக்கும். பிஎச் மறுபடி 7.4. ஹிஸ்டிடின் வாங்கிய புரோட்டானைத் திருப்பிக் கொடுத்துவிடும், மின்னேற்றம் போய்விடும், பிடி தளர்ந்து சரக்கு இறங்கிவிடும். ஆள் வெறுங்கையோடு அடுத்த நடைக்குத் திரும்பும். சுமை தூக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்கும் கேரளத்து நோக்குகூலித் தகராறெல்லாம் இங்கே கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க ஆசையா? வளைகாப்பில் ஆரத்தி கரைப்பீர்களே, அதுதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். அதில் கொஞ்சத்தை ஒரு டம்ளரில் எடுத்து எலுமிச்சம்பழம் பிழியுங்கள், மறுபடி மஞ்சளாகும். மஞ்சளில் உள்ள குர்குமினும் இப்படித்தான் புரோட்டானைக் கொடுத்தும் வாங்கியும் நிறம் மாறுகிறது. (தட்டிலேயே பிழிந்து மாமியாரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம்.)

வளைகாப்பைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தச் சுமைதூக்கல் 13-வது வாரம் வாக்கில் மெதுவாகத் தொடங்குகிறது. ஏழு மாதம் நிறைந்து எட்டு நடக்கும்போது பிள்ளையின் ரத்தத்தில் அம்மாவுக்கு இருப்பதில் பாதி அளவு ஐ.ஜி.ஜி. சேர்ந்திருக்கும். கடைசி வாரங்களில் ஓட்டமும் நடையுமாக ஏற்றி, நிறைமாதத்தில் அம்மாவைவிடப் பிள்ளையிடம் அதிகமாகவே இருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைத் தொற்று எளிதில் தாக்க இதுவும் ஒரு காரணம், பாதிச் சரக்கோடு வண்டி கிளம்பிவிட்டது.

ஐ.ஜி.எம். என்ற இன்னொரு வகை ஆன்டிபாடிக்கு இந்தப் பிடி கிடையாது, அது தாண்டாது. ஆகவே பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ஐ.ஜி.எம். இருந்தால் அது பிள்ளையே தயாரித்தது, வயிற்றுக்குள்ளேயே தொற்று வந்திருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுவார்.

பிராம்பெல் யார்? வேல்ஸில் பாங்கர் என்ற ஊரில் இருந்த விலங்கியல் பேராசிரியர். தாய் முயலிடமிருந்து குட்டிக்கு எந்த ஆன்டிபாடி போகிறது, எது போகவில்லை என்று வருடக்கணக்காக அளந்துகொண்டிருந்தார். இப்படி ஓர் ஏற்பி இருந்தே ஆக வேண்டும் என்று கண்ணில் காணாமலே 1950, 60-களில் கணித்தார். அதன் மரபணு கையில் கிடைத்தது 1989-ல். இன்று அந்த ஏற்பியைக் குறிவைத்து மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத்தளர்ச்சி நோய்க்கு மருந்தே வந்துவிட்டது. 'முயல் ரத்தத்தை அளந்து நாட்டுக்கு என்ன லாபம்?' என்று கேட்கும் நிதிக்குழு நம் ஊரில் அவருக்கு இரண்டு வருடம் பணம் கொடுத்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை.

இன்னொரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் என் தங்கை மகளுக்கு எட்டு மாதம். புகுந்த வீடு நெடுங்கண்டம், அம்மா வீடு கம்பம். தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர முடியாமல் கேரள எல்லையான கம்பம்மெட்டில் ஊரடங்குத் தடுப்பு. பாஸ் இரண்டு தடவை தள்ளுபடியாகி மூன்றாவது தடவைதான் கிடைத்தது. அதைக்கூட மறந்துவிடலாம். மறக்க முடியாதது அடுத்த வருடம் நடந்தது. கொரோனா தடுப்பூசிச் சோதனைகளில் கர்ப்பிணிகளை முதலில் சேர்க்கவே இல்லை. பாதுகாப்புக்காகத்தான் ஒதுக்கினார்கள், ஆனால் அதனால் தகவல் இல்லாமல் போயிற்று. 2021 ஜனவரி 16-ல் நாட்டில் ஊசி தொடங்கியது. கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளலாம் என்று மத்திய அரசு சொன்னது ஜூலை 2-ல். ஏப்ரல், மே மாதத்து இரண்டாம் அலை சரியாக அந்த இடைவெளியில் வந்து போனது.

வண்டன்மேட்டு அம்மாவுக்கு: கர்ப்பிணிக்குப் போடும் ஃப்ளூ ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. ஏற்கெனவே கையில் போட்டிருப்பார்களே டி.டி. ஊசி, அதிலும் டெட்டனஸுக்கான ஆன்டிபாடி இதே சுமையாளின் முதுகில்தான் பிள்ளைக்குப் போகிறது. பிறந்த குழந்தைக்கு வரும் ரணஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்ட நிலைக்கு வந்துவிட்டது என்று 2015-ல் அறிவித்ததில் அந்த ஊசிக்குப் பெரிய பங்குண்டு. மாமியாரும் உங்கள் கணவரைச் சுமந்தபோது போட்டிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

ஊசி போட்டபின் ஆன்டிபாடி சேர இரண்டு வாரம் ஆகும். உங்களுக்கு இது ஏழாம் மாதம், நேரம் சரியாக இருக்கிறது. ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போடவே முடியாது; அதுவரை நீங்கள் கொடுத்துவிட்டதும் உங்கள் தாய்ப்பாலில் வேறு வழியாக வரும் ஐ.ஜி.ஏ. என்ற மற்றொரு வகை ஆன்டிபாடியும்தான் அதற்குத் துணை. கொடுத்தது மாதாமாதம் குறையும். அம்மாவின் ஆன்டிபாடி இருக்கும்வரை தட்டம்மை ஊசி சரியாகப் பிடிக்காது என்பதால்தான் அதை 9 மாதம் முடிந்து போடச் சொல்கிறார்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள்.